ஒளியால் அளக்கப்படும் மின்புலம்



மைசூர் மண்டி மொஹல்லாவின் கடைவீதியில் அந்தி சாய்ந்ததும் விளக்குகள் ஒளிர்கின்றன. அவற்றுக்கு மின்சாரம் தரும் மின்மாற்றியின் அருகே போகாதே என்று பிள்ளைகளை எச்சரிக்கிறோம். தொடாதவரையும் மின்சாரம் தாக்குமா? உயரழுத்தக் கம்பியை மிக நெருங்கினால் தாக்கும். கம்பியைச் சுற்றி மின்புலம் என்னும் புலனாகாத விசை பரவியிருக்கிறது. அது சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் அளவை எட்டினால், காற்றே காப்புத்தன்மையை இழந்து பொறி பாயும்.

இவ்வட்டாரத்திற்கு உயரழுத்த மின்சாரம் புதிதன்று. 1902-ஆம் ஆண்டிலேயே காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு அது சென்றது. அச்சுரங்கங்களில் உழைத்தோரில் பலர் தமிழர்.

பெரிய இயந்திரங்களில் காப்பு எங்கே நலிந்துள்ளது என்றறிய, அங்குள்ள மின்புலத்தை அளக்கவேண்டும். ஆனால் உலோகக் கருவியை உள்ளே வைத்தால், அதுவே புலத்தைச் சிதைத்துவிடும், அளப்பவர்க்கும் ஆபத்து.

இதற்கு வழிகாட்டியது ஒளி. 1875-இல் கிளாஸ்கோ நகரின் ஜான் கெர், வலிய மின்புலத்தில் வைத்த கண்ணாடி ஒளியின் போக்கை மாற்றுவதைக் கண்டார். ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டிய ஒளியை அதனூடே செலுத்தினால், ஒளி இரு கூறுகளாகி வெவ்வேறு வேகத்தில் செல்லும். வெளிவரும் ஒளியை இன்னொரு வடிகட்டியின் வழியே பார்த்தால், அதன் பிரகாசம் மாறியிருக்கும். அம்மாற்றமே புலத்தின் அளவைச் சொல்லும். திரவங்களில் நிகழும் இவ்விளைவுக்கு நம்மவர்களாகிய சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1927-இல் கொள்கை விளக்கம் தந்தனர்.

கெர் விளைவு புலத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். 1893-இல் ஜெர்மானியர் பொக்கெல்ஸ் ஆராய்ந்த படிகங்களிலோ, அது புலத்திற்கு நேர்விகிதமாகவே வளரும், கணக்கிடுவது எளிது. இன்று அத்தகைய சிறு படிகத்தைக் கண்ணாடி இழையின் நுனியில் பொருத்தி, அளக்கவேண்டிய இடத்தில் வைக்கிறார்கள். இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே அளப்பவர் தொலைவில் அச்சமின்றி அமரலாம்.

குறையும் உண்டு. படிகமும் புலத்தைச் சற்றே மாற்றும். வெப்பம் படிகத்தின் இயல்பை மாற்றும். எனவே, அளவு தெரிந்த புலத்தில் வைத்து முன்னரே சரிபார்த்தல் இன்றியமையாதது.

காப்பின் நலிவை வெடிப்பதற்கு முன்பே கண்டறிந்தால், அருகில் நின்று பணிபுரியும் தொழிலாளியின் உயிர் காக்கப்படும். இருளைப் போக்கும் ஒளியே, இங்கே ஆபத்தையும் முன்னறிவிக்கிறது.