கடலுக்குள் கல்விழுதுகள்

ஒன்பதாம் வகுப்பில் சுண்ணாம்புப்பாறை நிலத்தோற்றங்களை நடத்தும்போது, கல்விழுது, கல்முளை என்ற சொற்களை மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். இம்முறை நான் பெலிஸ் நாட்டிலிருந்து தொடங்கினேன்.

மத்திய அமெரிக்காவில், கரீபியன் கடலோரம் உள்ள சிறிய நாடு பெலிஸ். வடக்கே மெக்சிகோ, மேற்கிலும் தெற்கிலும் குவாத்தமாலா. பரப்பு ஏறத்தாழ 23,000 சதுர கி.மீ. கரைக்கு இணையாக நீண்ட பவளப்பாறைத் தொடர். அதற்கும் அப்பால், வட்டப் பவளத்தீவு ஒன்றின் நடுவே பெரிய நீலக்குழி: அகலம் சுமார் 300 மீட்டர், ஆழம் 120 மீட்டருக்கு மேல்.

வானிலிருந்து எடுத்த படத்தைக் காட்டி, "இதற்குள் 40 மீட்டர் ஆழத்தில் கல்விழுதுகள் தொங்குகின்றன" என்றேன்.

"தண்ணிக்குள்ள எப்படி சார் தண்ணி சொட்டும்?" என்றாள் ஒரு மாணவி.

நான் விடை சொல்லவில்லை. "அப்போ அங்கே கடல் இல்லையோ?" என்றான் இன்னொருவன். அதுதான் விடை. பனியுகத்தில் கடல்மட்டம் 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. அன்று அது உலர்ந்த சுண்ணாம்புக் குகை. பின்னர் கூரை இடிந்தது. பனி உருகிக் கடல் உயர்ந்து குகையை மூழ்கடித்தது.

இப்பவளத்தொடர் 1996இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. சதுப்புநிலக் காடுகள் அழிக்கப்பட்டதால் 2009இல் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்தது. தன் கடற்பகுதியில் எண்ணெய் தேடுவதைப் பெலிஸ் சட்டமியற்றி நிறுத்திய பிறகு, 2018இல் அப்பட்டியலிலிருந்து மீண்டது.

நீங்களும் படத்தைக் காட்டுங்கள். விளக்கத்தை மட்டும் சற்றுத் தாமதப்படுத்துங்கள்.