தகரத்தில் ஓடிய தொடர்வண்டி

நுழையும்முன்

உடைந்த விளையாட்டுப் பொருள்கள் குப்பைக்குரியவை என்றே பெரும்பாலும் எண்ணுகிறோம். ஆனால், ஒரு காலத்தின் தொழில்நுட்பமும் அழகுணர்வும் உழைப்பும் அவற்றில் பதிந்துள்ளன. நூறாண்டு கடந்த தகரத் தொடர்வண்டிகளைத் தேடிச் சேர்த்து, அவற்றை இன்றும் தண்டவாளத்தில் ஓடச் செய்வோர் உலகெங்கும் உள்ளனர். அவ்வண்டிகளுக்கும் நம் சிவகாசியின் அச்சுக்கலைக்கும் இடையே ஓர் உறவு உண்டு. அவ்வுறவையும், பழம்பொருளைக் காத்தல் என்பதன் பொருளையும் இப்பாடம் விளக்குகிறது.

தீப்பெட்டித் தொடர்வண்டி

சிவகாசிக்கு அருகே, அர்ச்சுனா நதியின் குறுக்கே அமைந்துள்ளது ஆனைக்குட்டம் நீர்த்தேக்கம். மழையை எதிர்நோக்கி வாழும் கரிசல் நிலம் அது. அதன் சுற்றுப்புற ஊர்கள் வேளாண்மையோடு தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய தொழில்களையும் பற்றி வளர்ந்தவை. விருதுநகரிலிருந்து திருத்தங்கல், சிவகாசி வழியாகத் தென்காசிக்குச் செல்லும் இருப்புப்பாதை 1927இல் அமைந்தது. ஒரு மீட்டர் அகலமுள்ள அப்பாதையில் புகைவிட்டுச் சென்ற வண்டிகளைப் பார்த்து வளர்ந்த சிறுவர்கள், தமக்கென ஒரு வண்டியைச் செய்துகொண்டனர். வெற்றுத் தீப்பெட்டிகளை நூலில் வரிசையாகக் கோத்து, முதற்பெட்டியின்மேல் ஒரு பெட்டியை நிறுத்திப் புகைபோக்கி அமைத்தால் தொடர்வண்டி ஆயத்தமாகிவிடும். நூலைப் பிடித்து இழுப்பவரே ஓட்டுநர். வாயால் எழுப்பும் ஒலியே ஊதல்.

அதே காலத்தில், கடல் கடந்த நாடுகளில் வசதி படைத்த வீட்டுச் சிறுவர்கள் தகரத்தால் ஆன தொடர்வண்டிகளுக்குச் சாவி கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தனர். இவ்விரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று அறியா. எனினும், இரண்டின் மேனியிலும் மின்னிய வண்ணங்கள் ஒரே கலையிலிருந்து பிறந்தவை.

கல்லில் பிறந்த வண்ணம்

ஜெர்மனியைச் சேர்ந்த அலாய்ஸ் செனிபெல்டர் 1796இல் கல்லச்சு முறையைக் கண்டறிந்தார். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்பதே அதன் அடிப்படை. வழவழப்பான சுண்ணாம்புக்கல்லின்மீது எண்ணெய்ப்பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நீரால் நனைக்க வேண்டும். பின்னர் அச்சுமையை உருட்டினால், வரைந்த இடம் மையை ஏற்கும்; ஈரமான இடம் விலக்கும். ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு கல் எனப் பயன்படுத்திப் பல வண்ணப் படங்களை அச்சிட்டனர்.

கொல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டிக்கு வண்ணச் சீட்டு தேவைப்பட்டது. அத்தேவையை ஒட்டி, அடுத்த சில ஆண்டுகளிலேயே சிவகாசிக்குக் கல்லச்சு வந்து சேர்ந்தது. இன்று நாட்காட்டிகளுக்கும் குறிப்பேடுகளுக்கும் பெயர்பெற்ற அச்சுநகரத்தின் தொடக்கம் அதுவே.

தகரத்தின்மீது அச்சிடுவதில் ஓர் இடர் இருந்தது. கல்லும் கடினம், உலோகத்தகடும் கடினம். இரண்டும் நேராக அழுந்தும்போது படம் சீராகப் பதியவில்லை. இதற்கு இங்கிலாந்தின் ராபர்ட் பார்க்ளே 1875இல் தீர்வு கண்டார். கல்லிலுள்ள உருவத்தை முதலில் ஓர் உருளையின் மென்மையான மேலுறையில் பதித்து, அதிலிருந்து தகட்டுக்கு மாற்றினார். இதுவே ஆப்செட் எனப்படும் மறுதோன்றி அச்சின் முன்னோடி. இம்முறை தாளுக்குப் பரவலாகப் பயன்பட்டது 20ஆம் நூற்றாண்டில்தான். சிவகாசியின் அச்சகங்களில் இன்று சுழலும் மறுதோன்றி அச்சு, முதலில் தகரத்திற்காகவே உருவானது என்பது எண்ணி வியக்கத்தக்கது.

தகடு வண்டியாதல்

தகரம் என்று நாம் வழங்குவது வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத்தகடு. இரும்பு வலிமை தருகிறது. வெள்ளீயம் துருவைத் தடுக்கிறது. தட்டையான தகட்டில் சன்னல்கள், கதவுகள், தறையாணிகள், எண்கள் ஆகிய அனைத்தையும் முதலில் அச்சிட்டுவிடுவர். பின்னர் அழுத்தப்பொறியால் வெட்டி வளைப்பர். ஒரு பகுதியின் விளிம்பிலுள்ள சிறு நாக்கை மற்றொரு பகுதியின் துளைக்குள் நுழைத்து மடக்கினால் இரண்டும் இணைந்துவிடும். பற்றவைப்பும் திருகாணியும் வேண்டா. தட்டையாக இருந்தபோது வரைந்த சன்னல், வளைத்தபின் உரிய இடத்தில் வந்தமைய வேண்டும். எனவே, வரைபவர் வளைவையும் முன்கூட்டியே கணக்கிட்டாக வேண்டும்.

தொடக்கக் காலத்தில் இவ்வண்டிகள் தரையில் தள்ளி விளையாடத்தக்கனவாகவே இருந்தன. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் நகர வணிகக் கண்காட்சியில், தண்டவாளங்களோடு கூடிய வண்டித்தொகுதியை வரையறுத்த பாதையளவுகளுடன் காட்சிப்படுத்தியது. பாதையின் அளவு நிலைபெற்றதால், இன்று ஒரு பெட்டி, அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு நிலையம், பின்பு ஒரு பாலம் எனச் சேர்த்துக்கொண்டே போக முடிந்தது. சேகரிப்பு என்னும் பழக்கத்திற்கு இதுவே வித்து. பின்னர்ப் பெருவழக்கான ‘சுழி’ அளவில் தண்டவாளங்களின் இடைவெளி 32 மில்லிமீட்டர்.

மெக்கானோ விளையாட்டைப் படைத்த லிவர்பூலின் பிராங்க் ஹார்ன்பி, 1920இல் தம் தொடர்வண்டிகளை வெளியிட்டார். அவருடைய முதல் வண்டிகளைத் திருகாணி கழற்றிப் பிரித்து மீண்டும் பூட்டலாம். விளையாட்டுப் பொருளைப் பிரித்துப் பார்ப்பது குறும்பன்று. கல்வி என்பதை அவ்வண்டி ஏற்றுக்கொண்டது.

சுருள்வில்லின் ஆற்றல்

சாவியைத் திருகும்போது வண்டிக்குள் இருக்கும் எஃகுச் சுருள்வில் இறுகுகிறது. நம் கையின் உழைப்பு அதில் நிலையாற்றலாகச் சேர்கிறது. வில் திடீரென அவிழ்ந்துவிடாமல், ஒருதிசைப் பற்சக்கரமும் அதில் விழும் கொக்கியும் தடுக்கின்றன. சாவி திருகும்போது எழும் ‘கிர்ரிக், கிர்ரிக்’ ஒலி அக்கொக்கியினுடையதே. வில் மெல்ல அவிழும்போது பற்சக்கர வரிசை சக்கரங்களைச் சுழற்றுகிறது. நிலையாற்றல் இயக்க ஆற்றலாகிறது. இயற்பியல் நூலில் படிக்கும் ஆற்றல் அழிவின்மை விதி, இங்கே கைக்குள் ஓடிக் காட்டுகிறது.

பெட்டிகள் இல்லாமல் இயந்திரத்தை மட்டும் ஓடவிட்டால், அது விரைந்து சென்று வளைவில் கவிழும். இழுக்கும் சுமையே அதனை நிதானப்படுத்துகிறது. பழைய வண்டிகளை ஓட்டுவோர் முதலில் கற்கும் பாடம் இதுதான்.

தெரிந்து தெளிவோம்

மத்தியப் பிரதேசத்தின் குவாலியரில் உள்ள ஜெய்விலாஸ் அரண்மனையில், உணவு மேசைமீது ஓடும் வெள்ளித் தொடர்வண்டி ஒன்று உள்ளது. மின்சாரத்தால் இயங்கும் அது, கண்ணாடிக் குடுவைகளைச் சுமந்து விருந்தினரிடையே சுற்றிவரும். குடுவையை எடுத்தால் வண்டி நின்றுவிடும். திரும்ப வைத்தால் நகரும். மகாராட்டிரத்தின் புணே நகரில் 1998இல் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுருத் தொடர்வண்டி அருங்காட்சியகத்தில், ஒரு நகரமே சிற்றுருவாக அமைக்கப்பட்டு, வண்டிகள் ஓட்டிக் காட்டப்படுகின்றன.

ஓட்டுவதா? பூட்டிவைப்பதா?

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானில், அமெரிக்கப் படையினர் பயன்படுத்தி எறிந்த உணவுத் தகரக்குவளைகளைத் தட்டி நிமிர்த்தியும் விளையாட்டுப் பொருள்கள் செய்தனர். அவற்றிற்குப் பின் நெகிழி வந்தது. அது மலிவானது, கூர்மையான விளிம்பற்றது, எவ்வடிவிலும் வார்க்கத்தக்கது. தகர வண்டிகள் கடைகளிலிருந்து மறைந்து பரண்களில் ஒதுங்கின. அவற்றைத் தேடி எடுத்தவர்களே சேகரிப்பாளர்கள் ஆனார்கள்.

அவர்களிடையே நெடுங்காலமாக ஒரு கருத்து வேறுபாடு உண்டு. ஓட்டினால் தேயும், எனவே, கண்ணாடிப் பேழைக்குள் வைப்பதே முறை என்பர் சிலர். ஓடுவதற்காகப் பிறந்த பொருளை ஓடாமல் வைத்தால் அதன் பாதி உயிர் போய்விடும் என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. மிக அரிய வண்டிகளை ஓட்டாமல் வைப்பது தகும். ஏனையவற்றை அளவறிந்து ஓட்டுவது அவற்றுக்கு நன்மையே. ஏனெனில், ஆண்டுக்கணக்கில் அசையாத பொறியில் எண்ணெய் உலர்ந்து பிசினாகும். ஓட்டுபவர் பொறியைத் திறந்து பார்ப்பார். பழைய பிசினை நீக்குவார். அச்சுகளில் ஒரு துளி எண்ணெய் மட்டும் இடுவார். வில்லை முழுவதுமாக முறுக்கமாட்டார். முறுக்கிய நிலையில் வைத்துவிடவும் மாட்டார். தகட்டை நீர்விட்டுக் கழுவாமல், உலர்ந்த மென்துணியால் துடைப்பார். ஈரக்காற்றும் விரல்களின் வியர்வையும் தகரத்தின் பகைவர்கள் என்பதை அவர் அறிவார்.

எவ்வளவு காத்தாலும் நில்லாத கேடும் உண்டு. சில பழைய வண்டிகளின் வார்ப்புச் சக்கரங்கள் துத்தநாகக் கலவையால் ஆனவை. அதில் காரீயம் சிறிதளவு கலந்திருந்தாலும், பல ஆண்டுகளுக்குப்பின் சக்கரம் தானே வெடித்து உதிரும். வார்த்த நாளில் நேர்ந்த கவனக்குறைவு, பேரன் காலத்தில் வெளிப்படுகிறது.

புதுப்பித்தலும் காத்தலும்

பழைய வண்டியைப் பெறுவோர் பலர் முதலில் செய்ய விரும்புவது, அதற்குப் புதுவண்ணம் பூசுவதே. மீட்க இயலாத தவறும் அதுவே. கல்லிலிருந்து தகட்டுக்கு ஏறிய வண்ணங்களை ஒருமுறை மறைத்துவிட்டால், அடியிலுள்ள அச்சு சிதையாமல் அதனை மீட்பது அரிது. எந்த வண்ணத்தை எதன்மேல் பதித்தனர், எழுத்துகளை எவ்வாறு வரைந்தனர் என்னும் சான்றுகள் அனைத்தும் மறைந்துபோகும். ஒரு சிறுவன் ஒவ்வொரு நாளும் பிடித்துத் தேய்ந்த இடமும் மறைந்துபோகும். அத்தேய்மானம் குறையன்று, அப்பொருளின் வரலாறு. நாக்கை மடக்கி இணைத்த பகுதிகளை அடிக்கடி பிரிப்பதும் கூடாது. இரண்டு மூன்று முறை வளைந்தால் தகர நாக்கு முறிந்துவிடும்.

எனவே, பழுதான உறுப்பைச் செப்பமிடலாம். மாற்றிய உறுப்பு எது என்று எழுதி வைக்கலாம். மேனியைத் தொடாமல் விடலாம். புதுப்பித்தல் நம் கண்ணுக்கு இன்பம் தருவது. காத்தல் பின்வருவோர்க்கு உண்மை தருவது.

நம் கையிலுள்ளவை

இந்நெறி தொலைவிலுள்ள ஐரோப்பிய வண்டிகளுக்கு மட்டும் உரியதன்று. திருவிழாக் கடைகளில் விற்ற தகரத் தவளையும், சிறுவிளக்கின் சூட்டில் படபடத்து நீரில் ஓடிய தகரப் படகும் நம் வீட்டுப் பரண்களில் இருக்கக்கூடும். மரச்சில்லால் ஆன தீப்பெட்டிகளின் இடத்தை அட்டைப்பெட்டிகள் பிடித்துவிட்டன. கல்லச்சில் பதிந்த பழைய தீப்பெட்டிச் சீட்டுகள் நாளுக்கு நாள் அருகி வருகின்றன. ஒரு வட்டாரம் எழுந்து நின்ற கதை, அந்த உள்ளங்கைச் சீட்டுகளில்தான் வண்ணமாக இருக்கிறது.

அக்கதையில் இருண்ட பக்கமும் உண்டு. தீப்பெட்டி ஒட்டிய கைகளுள் பள்ளி செல்லாத சிறுவர்களின் கைகளும் இருந்தன. பதினான்கு வயதுக்குட்பட்டோரைத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் ஈடுபடுத்துவதை 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடைசெய்தது. பெட்டியை ஒட்டிய சிறுமிக்கே, அதனை நூலில் கோத்து விளையாடும் பொழுது கிட்டியிராது. பழம்பொருளைக் காப்போர் அதன் அழகை மட்டுமன்று, அதில் படிந்த உழைப்பையும் சேர்த்தே காக்க வேண்டும். அவ்வுழைப்பைத் துடைத்து மெருகிட்டால், அதுவும் புதுவண்ணம் பூசுவதற்கு ஒப்பாகும்.

சேகரிப்புக்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. ஒரு பழைய தீப்பெட்டிச் சீட்டை எடுத்து, அது எங்கே கிடைத்தது, யார் வைத்திருந்தார், அவர் அதைப்பற்றிக் கூறியது என்ன என்பவற்றை ஒரு தாளில் எழுதி உடன்வைத்தால் போதும். பொருளோடு சொல்லும் சேர்ந்தால்தான் சேகரிப்பு வரலாறாகிறது. பொருளை வைத்திருந்தவர்களிடம் இன்று நாம் கேட்கலாம். நாளை கேட்பதற்கு அவர்கள் இருப்பார்களா என்பது உறுதியில்லை. சாவி கொடுத்த வண்டிபோல, அவர்தம் நினைவும் சிறிது நேரமே ஓடும்.