வாடகை கிடையாது, வாலாட்டம் உண்டு!

ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் அறை தேடிப் பாருங்கள், தலை சுற்றும்! லண்டன் விக்டோரியாவில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் கடற்கரை. வெயில் எட்டிப் பார்த்த சனிக்கிழமைகளில் பாதி லண்டன் இங்கேதான் வந்து இறங்கும். கூழாங்கல் கரை, 1899-ல் திறந்த பேலஸ் பியர் என்ற கடல்பாலம், இந்தியப் பாணிக் குவிமாடங்களோடு நிற்கும் ராயல் பெவிலியன் என்று எங்கே திரும்பினாலும் கூட்டம். ஓட்டல் கட்டணம் அதற்கேற்ப ஏறிக்கொண்டே போகும்.

அப்படி ஒரு கோடையில், அந்த ஊரில், மேட்டுத்தெரு வீடொன்றின் மாடி ஜன்னலில் கடலைப் பார்த்தபடி காபி குடித்துக்கொண்டிருந்தேன். சமையலறை எனக்கு, தோட்டம் எனக்கு, துணி துவைக்கும் இயந்திரம் எனக்கு. வாடகை ஒரு பென்னிகூட இல்லை!

இதற்குப் பெயர் ஹவுஸ் சிட்டிங். வீட்டுக்காரர் விடுமுறைக்குக் கிளம்புவார். நாம் போய் அவர் வீட்டில் தங்கி, அவருடைய நாயையோ பூனையையோ கவனித்துக்கொள்வோம். அவர் நமக்குச் சம்பளம் தரமாட்டார், நாம் அவருக்கு வாடகை தரமாட்டோம். ஊர் பேர் தெரியாத ஒருவருக்கு யாராவது வீட்டுச் சாவியைக் கொடுப்பார்களா? கொடுக்கிறார்கள்! எப்படி என்று பார்க்க, வாருங்கள், பின்கட்டு வழியாகவே உள்ளே போவோம்.

அவர்களுக்கு என்ன லாபம்?

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: வீட்டுக்காரர் நமக்குத் தருமம் செய்யவில்லை. நாம் அவருக்குத் தேவைப்படுகிறோம்.

நாயைக் காப்பகத்தில் விட்டால் ஒவ்வொரு இரவுக்கும் பணம் கட்ட வேண்டும். அதைவிடப் பெரிய கவலை, பழகிய மூலையும் மெத்தையும் இல்லாமல் அது சாப்பிட மறுத்துப் படுத்துக்கொள்வது. வயதான பூனைகளுக்கு இடம் மாறினாலே ஆகாது. பூட்டிய வீட்டுக்கோ வேறு வகைத் தொல்லை. கதவுக்குப் பின்னால் தபால்கள் குவிந்தால் ஆள் இல்லை என்று திருடனுக்குத் தெரிந்துவிடும். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் உறைந்து குழாயே வெடிக்கும். பிரிட்டனில் பல வீட்டுக் காப்பீடுகள், வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் இழப்பீட்டைக் குறைக்கும், சிலவற்றில் மறுத்தேவிடும்.

இன்னொரு சங்கதி என்னைத் துள்ள வைக்கும். ஓட்டல் விலை உச்சத்தில் இருப்பது எப்போது? பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ், ஈஸ்டர். உள்ளூர்க் குடும்பங்கள் பெட்டி கட்டுவது எப்போது? அதே நாட்களில்தான்! அறை கிடைக்காமல் எல்லோரும் அல்லாடும் நேரத்தில்தான் நமக்கு வீடுகள் கொட்டிக்கிடக்கும்.

இதைத் தொழிலாக ஒழுங்குபடுத்தியவை இணையதளங்கள். ஆஸ்திரேலியாவில் ஹவுஸ்கேரர்ஸ் 2000-லேயே வந்துவிட்டது. இன்று இத்துறையில் பெரிய பெயரான டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் தளத்தை 2010-ல் ஆண்டி பெக் தொடங்கியது சாட்சாத் இதே பிரைட்டனில். ஆண்டுச் சந்தா கட்டிச் சேர வேண்டும். லண்டன் ஓட்டலில் ஒன்றிரண்டு இரவு தங்கும் காசை மிச்சம் பிடித்தாலே அடிப்படைச் சந்தா திரும்பிவிடும்.

ஐந்து பேருக்குள் முந்து!

வீட்டுக்காரர் தேதியையும் படங்களையும் போடுவார். நல்ல வீடு என்றால் போட்டி பறக்கும். டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸில் ஐந்து விண்ணப்பம் சேர்ந்ததும் கதவு தற்காலிகமாக மூடிக்கொள்ளும். எடின்பரோவில் ஆகஸ்ட் கலைவிழா நேரத்து வீடு என்றால் அந்த ஐந்தும் எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்று நினைத்துப் பாருங்கள்!

விண்ணப்பத்தில் "எனக்கு ஊர் சுற்றப் பிடிக்கும்" என்று தொடங்காதீர்கள். அவர்களுக்கு வேண்டியது அதுவல்ல. விளம்பரத்தில் அவர்கள் எழுதியிருப்பதை வரி விடாமல் படித்து, "உங்கள் பூனைக்கு நாளைக்கு இரண்டு வேளை மாத்திரை என்று பார்த்தேன், எனக்கு மாத்திரை கொடுத்துப் பழக்கம் உண்டு" என்று தொடங்குங்கள். அந்த ஒரு வரி போதும்.

அடுத்தது வீடியோ அழைப்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கேமராவைத் தரைக்குத் திருப்பி, "இதோ, இவன்தான்" என்று நாயைக் காட்டுவார். அப்போது உங்கள் முகம் மலர்கிறதா என்றுதான் அவர் கண் பார்க்கும். நாமும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். நாயை எவ்வளவு நேரம் தனியே விடலாம்? இரவில் எங்கே படுக்கும்? வீட்டில் கேமரா இருக்கிறதா? மருத்துவச் செலவு வந்தால் யார் பொறுப்பு? கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாரா?

சாவி கைமாறும் மாலை

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். கிளம்புவதற்கு முந்தின மாலை வரச்சொல்லி, வீட்டை அறை அறையாகச் சுற்றிக் காட்டுவார்கள்.

பிரைட்டன் வீட்டில் ஒரு விப்பெட் நாயும் வயதான பூனையும். விப்பெட் ஒல்லிக்குச்சி உடம்பு, குளிர் தாங்காது. சோஃபாவில் போர்வையைத் தூக்கினால் மூக்கை நுழைத்து உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். அதனால் அந்த வீட்டின் முதல் சட்டம்: போர்வையைத் தடவிப் பார்க்காமல் சோஃபாவில் உட்காரக் கூடாது!

பூனைக்குத் தைராய்டு. வீட்டுக்கார அம்மாள் மாத்திரையைக் கோழி விழுதில் உருட்டி வைத்தார். மாத்திரையை உடைக்கக் கூடாது. பூனை நக்கியது, மென்றது, நிமிர்ந்து பார்த்தது. "இப்போது விட்டுவிடாதீர்கள். முழுங்கியதுபோல நடிப்பாள். அப்புறம் சோஃபாவுக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வருவாள். தொண்டை அசைகிறதா பாருங்கள்" என்றார். இருவரும் தரையில் குனிந்து ஒரு பூனையின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அசைந்தது! இருவரும் கைதட்டினோம்.

பிறகு வீட்டின் உள்ளுறுப்புகள். சமையலறைத் தொட்டிக்கு அடியில் முதன்மைக் குழாயை அடைக்கும் திருகு. பாய்லரின் அழுத்தமானி முள் 1-க்கும் 1.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். எந்தக் குப்பைத்தொட்டியை எந்தக் கிழமை தெருவில் வைப்பது என்பது தனிப் பாடம். முந்தின இரவே பையை வெளியே வைத்தால் கடற்காக்கைகள் கிழித்துத் தெருவெல்லாம் இறைத்துவிடும். குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள்: திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சாக்லேட் நாய்க்கு ஆகாது. லில்லிப் பூ வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது, அதன் மகரந்தமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

நாய் வீடா, பூனை வீடா?

உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கப்போவது இந்த ஒரு கேள்விதான். வளர்ந்த நாயை நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியே விடாதீர்கள் என்பது பிரிட்டிஷ் விலங்கு நல அமைப்புகளின் அறிவுரை. பிரைட்டனில் நாயோடு இருந்துகொண்டு லண்டனுக்குப் போய் அருங்காட்சியகம் பார்க்க நினைத்தால், போக வரவே இரண்டு மணி நேரம் ஓடிவிடும். ஊர் சுற்றுவதே உங்கள் திட்டம் என்றால் பூனை வீட்டைத் தேடுங்கள்.

ஆனால் நாய் வீடு தரும் ஊரே வேறு! காலை ஏழு மணிக்குப் பூங்காவுக்குப் போனால் அங்கே ஒரு நாய்ச் சபையே கூடியிருக்கும். நாயின் பெயரைச் சொன்னால் போதும், நாம் எந்த வீட்டில் தங்கியிருக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். எந்தக் கடையில் ரொட்டி நன்றாக இருக்கும், மே முதல் செப்டம்பர் வரை கடற்கரையின் எந்தப் பகுதிகளில் நாய்க்கு அனுமதியில்லை, எந்தப் பேருந்து சவுத் டவுன்ஸ் குன்றுகளுக்குப் போகும் என்பதெல்லாம் கேட்காமலே காதில் விழும். சுற்றுலா வழிகாட்டிகளுக்குக் கொட்டிக் கொடுத்தாலும் இந்தச் செய்திகள் கிடைக்காது.

மிச்சமாவது அறை வாடகை மட்டுமல்ல. சொந்தச் சமையல், சொந்தச் சலவை. மதியம் ரசம் வைத்து இறக்கினால் அன்றைய சாப்பாட்டுச் செலவு சில பவுண்டுகளில் முடியும். பயணச் செலவு நம்முடையது, விலங்கின் தீனி வீட்டுக்காரருடையது.

இதை மட்டும் மறக்காதீர்கள்

தங்குமிடத்துக்கு ஈடாகச் செய்யும் வேலையைச் சில நாடுகள் 'வேலை' என்றே எடுத்துக்கொள்ளும். 2022-ல் கனடாவுக்குப் போகும் வழியில் லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கிய ஓர் ஆஸ்திரேலியப் பெண், தங்குமிடத்துக்குப் பதிலாகப் பூனை பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னதால் திருப்பி அனுப்பப்பட்டார். சுற்றுலா விசாவில் போகிறவர்கள் அந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே விண்ணப்பியுங்கள். குடிநுழைவு அதிகாரியிடம் ஒருநாளும் மறைக்காதீர்கள். பிரிட்டனிலேயே குடியிருக்கும் தமிழர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. படிக்கப் போயிருக்கும் பிள்ளைகள் மட்டும் தங்கள் விசா விதிகளை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் வீடுதான் கஷ்டம். முன்பு தங்கிய வீட்டுக்காரர் தளத்தில் எழுதும் மதிப்புரை இல்லாமல் வீடு கிடைக்காது, வீடு கிடைக்காமல் மதிப்புரை வராது. அந்த முடிச்சை உள்ளூரிலேயே அவிழ்க்கலாம். பக்கத்துத் தெருவில், யாரும் போட்டிபோடாத இரண்டு நாள் வார இறுதிக்கு விண்ணப்பியுங்கள். நீங்கள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், பழைய மேலாளர் இருவரிடமும் ஒரு சான்று வாங்கி இணையுங்கள். திரும்பும் நாளில் படுக்கை விரிப்பை மாற்றி, குளிர்பெட்டியில் பாலும் ரொட்டியும் வாங்கி வையுங்கள். வீடு திரும்புகிறவர் களைத்துப்போய் வருவார். அந்தப் பால் பாக்கெட் அவர் எழுதும் மதிப்புரையில் கட்டாயம் இடம்பிடிக்கும்!

நான்கு நல்ல மதிப்புரை சேர்ந்துவிட்டால் ஆட்டமே மாறிவிடும். வீட்டுக்காரர்களே தேதி சொல்லி அழைப்பார்கள். இங்கிலாந்தில் ஜூலைக் கடைசியில் பள்ளி மூடுகிறது. அதற்கான விளம்பரங்கள் வசந்தகாலத்திலேயே வரத் தொடங்கிவிடும். வார இறுதி வீடுகளை இப்போதே பாருங்கள். ஈஸ்டர் முடிவதற்குள் கையில் இரண்டு மதிப்புரை இருந்தால், கோடையில் கடலோர வீடொன்றின் சாவி உங்களுக்குத்தான்!