கணினி வாங்கும் பெற்றோர் அறிய வேண்டுவன



2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிற்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டு இல்லிருப்புக் கற்றல் தொடங்கிற்று. தோட்டத்து வீடுகளில் ஒரே கைப்பேசியை அண்ணன், தங்கை, தம்பி என மூவரும் முறைவைத்துப் பயன்படுத்திய காலம் அது. கணினி என்பது செல்வர் வீட்டுப் பொருள் என்னும் எண்ணம் அப்பொழுதுதான் நம்மிடையே மாறிற்று. தவணையிலேனும் ஒன்றை வாங்கிவிட வேண்டும் எனப் பெற்றோர் பலர் இன்று விழைகின்றனர். விழைவு நன்றே. ஆயினும், 2025-ஆம் ஆண்டில் நடப்பிற்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒரு மாதத்திற்கு மேற்பட்ட உழைப்பு முழுவதையும் ஒரு பெட்டியில் கொட்டுமுன், அப்பெட்டிக்குள் இருப்பன யாவை என ஓரளவேனும் அறிந்து கடைக்குச் செல்லுதல் வேண்டும்.

முதலில் எண்ண வேண்டுவது, பிள்ளைக்கு அதனால் ஆகவேண்டிய வேலை என்ன என்பதே. நம் மாணவர் பயன்படுத்தும் கல்வி அமைச்சின் 'டெலிமா' தளம் இணைய உலாவியிலேயே இயங்குவது. கட்டுரை தட்டச்சு செய்தல், படக்காட்சி தயாரித்தல், காணொளி வழிப் பாடம் கேட்டல் ஆகியவற்றிற்கும் ஆற்றல் மிக்க கணினி தேவையில்லை. பல வண்ண விளக்குகள் மின்னும் பெட்டியும், தனி வரைகலை அட்டையும் விளையாட்டுப் பிரியர்க்கு உரியவை. அவற்றிற்குக் கொடுக்கும் பணம் படிப்பிற்குப் போவதன்று.

அங்ஙனமாயின் பணத்தை எதில் இடுவது? நினைவகத்திலும் சேமிப்புத் தட்டிலும் என்போம். இதனை விளக்கத் தோட்டத்து எடுத்துக்காட்டு ஒன்றே போதும். செம்பனையே மிகுந்துவிட்ட இந்நாளிலும், பால் மரம் வெட்டிய பாட்டிமார் இதனை நன்கறிவர். கையிலுள்ள வாளி சிறியதாயின், நிரையின் பாதியிலேயே பாலைக் கொட்டப் பால் கொட்டகைக்கு நடந்தாக வேண்டும். வேலை செய்பவர் எத்துணை விரைவானவராயினும் நடையிலேயே பொழுது கழியும். கணினியின் 'ரேம்' எனப்படும் நினைவகம் அவ்வாளி போன்றது. சேமிப்புத் தட்டு கொட்டகை போன்றது. வாளி நிரம்பியதும் கணினி கொட்டகைக்கு ஓடுகிறது. திரையில் வட்டம் சுழல்கிறது. பிள்ளை பொறுமை இழக்கிறது. ஆதலின் 8 கிகாபைட்டுக்குக் குறைந்த நினைவகம் வேண்டா. 16 இருப்பின் பல்லாண்டுக்குக் கவலை இல்லை.

கொட்டகையின் தொலைவும் கணக்கில் வரும். பழைய வன்தட்டினுள் வட்டத் தகடுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல் ஒரு சிறு முள் இங்குமங்கும் நகர்ந்து செய்தியைத் தேடுகிறது. ஓரிடத்தைத் தேடி அடைய நொடியில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு பிடிக்கும். அஃதாவது, நொடிக்கு நூறு இடம் என்ற அளவே. 'எஸ்.எஸ்.டி.' எனப்படும் திண்மத் தட்டில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. அது நொடிக்குப் பல்லாயிரம் இடங்களைத் தொட வல்லது. மெதுவாகிவிட்டது என்று மூலையில் போடப்பட்ட கணினிகளில் பல, வன்தட்டை நீக்கி 256 கிகாபைட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்திய அன்றே மறுவாழ்வு பெறுகின்றன. புதுக்கணினிக்கு ஆகும் செலவில் இது மிகச் சிறு பங்கே.

நினைவகத் துண்டு வாங்குங்கால் அதன் வகை பார்த்தல் இன்றியமையாதது. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என மூவகை புழக்கத்தில் உள்ளன. ஒவ்வொன்றிலும் வெட்டுப் பள்ளம் வெவ்வேறிடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றன் இடத்தில் நுழையாது. மடிக்கணினிக்குரிய துண்டு அளவிலும் சிறியது. பழைய துண்டைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லின் வீண் அலைச்சல் இல்லை. சில மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர்க் கூட்ட இயலாது. இதனை வாங்குமுன்பே கேட்டறிக. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகத்தைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியதால், 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அதன் விலை கடுமையாக ஏறிற்று. ஆகவே நினைவகம் போதிய அளவில் ஏற்கெனவே பொருத்தப்பட்ட கணினியைத் தேடுதல் அறிவுடைமை.

இனிச் செயலி. விற்பவர் 'ஐ7' என்னும் ஒட்டுவில்லையைக் காட்டி விலை ஏற்றுவர். மாணவர்களே, அவ்வில்லையோடு நில்லாமல் பின்வரும் எண்ணைப் படியுங்கள். ஐ7-4770 என்பதில் முன்னிற்கும் 4 தலைமுறையைக் குறிக்கும். அது 2013-இல் வந்தது. ஐ3-12100 என்பது பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது. பெயரில் எளியதாகிய இவ்விளைய ஐ3, அம்முதிய ஐ7-ஐ விட விரைவானது. எண்ணின் கடைசியில் 'எஃப்' என்னும் எழுத்து இருப்பின் மேலும் விழிப்பாய் இருத்தல் வேண்டும். அச்செயலியில் படம் காட்டும் பகுதி இயங்காது. விலை குறைவென்று வாங்கி வந்தபின், திரையில் எதுவும் தோன்றாமல், தனி வரைகலை அட்டைக்கு மீண்டும் செலவழிக்க நேரும்.

அலுவலகங்களில் பயன்பட்டுக் கழிக்கப்பட்ட கணினிகள் நம் போன்றோர்க்கு ஏற்றவை. இதில் தாழ்வெண்ணம் வேண்டா. ஆயினும் ஒரு செய்தி: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நிறுத்தப்பட்டது. விண்டோஸ் 11, இன்டெல் செயலியாயின், பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவுமே ஏற்கும். எனவே பழங்கணினி வாங்குவோர் எட்டுக்குக் குறைந்ததற்கு அதிக விலை கொடுத்தல் தகாது. வீட்டில் முன்பே இருப்பது அதனினும் பழையதாயின், அதனை எறிந்துவிட வேண்டா. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை அதில் ஏற்றலாம். உலாவியில் செய்யும் பள்ளிப் பாடங்களுக்கு அது போதும்.

மின்வழங்கி, அஃதாவது 'பவர் சப்ளை', பலரும் பாராமுகமாய் விடும் உறுப்பு. தனி வரைகலை அட்டை இல்லாத எளிய கணினி பெரும்பாலும் 100 வாட்டுக்குள் அடங்கும். ஆதலின் 700, 800 என்னும் பெரிய எண்களுக்கு மயங்க வேண்டா. எண்ணைவிடத் தரமே முதன்மை. '80 பிளஸ்' என்னும் முத்திரை, எடுக்கும் மின்சாரத்தில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் பயன்படுகிறது எனச் சோதித்ததைக் குறிக்கும். பெயரில்லா மலிவு மின்வழங்கி பழுதுறும்பொழுது தான் மட்டும் போகாது. தாய்ப்பலகையையும் உடன்கொண்டு போகக்கூடும். மின்னல் மிகுந்த நம் நாட்டில், வானம் இருண்டதும் மின்செருகியோடு இணையக் கம்பியையும் பிடுங்கிவிடுதல் வேண்டும். சுவரின் விசையை அணைத்தல் மட்டும் போதாது. நீட்டிப்புச் செருகி வாங்கும்போது சிரிம் ஒட்டுவில்லை உள்ளதா எனப் பார்க்க.

இணையத்தில் 2 டெராபைட்டு விரலி நம்ப இயலாத மலிவு விலைக்குக் கிடைக்கிறதே எனக் கேட்பாருளர். அவற்றில் பல போலி. கணினியில் செருகினால் 2 டெராபைட்டு என்றே காட்டும். உள்ளே இருப்பதோ அதில் சிறு பங்கு. இடம் தீர்ந்தபின் பழையவற்றின் மீதே புதியன எழுதப்பட்டு, பிள்ளையின் செயல்திட்டமும் குடும்பப் படங்களும் ஒருங்கே அழியும்.

கடைக்குச் செல்வோர் வேண்டிய உறுப்பின் பெயரையும் எண்ணையும் தாளில் எழுதிக்கொண்டு செல்க. கோலாலம்பூர் லோயாட் பிளாசா போன்ற, கடைகள் நெருங்கிய இடங்களில் மூன்று கடைகளிலேனும் விலை கேட்டபின் வாங்குக. பழங்கணினியாயின் கடையிலேயே இயக்கச் சொல்லி, விசைப்பலகை, ஒலி, இணைய இணைப்பு ஆகியவற்றைப் பார்க்க. மடிக்கணினியாயின் மின்கம்பியை நீக்கிப் பத்து நிமிடம் ஓடவிட்டு மின்கலம் எவ்வளவு இறங்குகிறது எனக் காண்க. உத்தரவாதக் காலத்தை ரசீதிலேயே எழுதி வாங்குக. கடைக்காரர் வாய்ச்சொல்லாய்க் கூறுவது பின்னர்ச் சான்றாகாது.

பொருள் பழுதாகிக் கடையினர் கைவிரித்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் உள்ளது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கு வைக்கலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி; வழக்கறிஞர் தேவையில்லை. இது வணிகரிடம் வாங்கியதற்கே பொருந்தும். முகமறியாத் தனியாளிடம் வாங்கியதற்கு உதவாது. மனுப் பாரத்தை நிரப்ப இயலாத பெற்றோர் ரசீதுடன் பள்ளி அலுவலகத்திற்கு வரலாம். நாம் உடனிருந்து நிரப்பித் தருவோம்.