குளத்துச் செந்தும்பி

குளக்கரைகளிலும் நெல்வயல்களிலும் செடிகளின் நுனியில் அமர்ந்திருக்கும் செந்நிறத் தும்பியைக் காணாதவர் அரியர். ‘குரோகோதெமிஸ் செர்விலியா’ என்பது இதன் விலங்கியற் பெயர். இந்தியாவில் பரவலாகவும், கிழக்கே ஜப்பான் வரையிலும் இது வாழ்கிறது. ஆண் தும்பி இரத்தச் சிவப்பானது. பெண் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமுடையது. சிறகு பெற்று வெளிவந்த புதிதில் ஆணும் மஞ்சளாகவே இருந்து, முதிரும்போதே சிவக்கிறது. தோலிலுள்ள நிறமிப் பொருள் வேதியியல் முறையில் ஒடுக்கமடைவதே இதற்குக் காரணம் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டனர்.

எனினும், இத்தும்பியால் நாம் அடையும் பயனில் பெரும்பகுதி நம் கண்ணுக்குப் புலப்படாத நீர்வாழ் பருவத்தில் கிடைப்பதாகும்.

பெண் தும்பி பறந்தவாறே வயிற்று நுனியால் நீர்ப்பரப்பைத் தொட்டுத் தொட்டு முட்டையிடும். முட்டையினின்று வெளிப்படும் இளவுயிரி தாயைச் சற்றும் ஒத்திராது; சேற்றின் நிறங்கொண்டு குளத்தடியில் பதுங்கியிருக்கும். மலக்குடலினுள் அமைந்த செவுள்களால் அது சுவாசிக்கிறது. ஆபத்து நேரின், அக்குடலிலுள்ள நீரை விசையுடன் பின்னே பீச்சி முன்னோக்கிப் பாய்ந்து தப்புகிறது. அதன் கீழுதடு ஒரு கையைப்போல் முகத்தின் அடியில் மடிந்திருக்கும். இரை அணுகியதும் அவ்வுதடு நொடிப்பொழுதில் நீண்டு, நுனியிலுள்ள பற்றுறுப்புகளால் இரையைக் கவ்வி வாய்க்குக் கொணரும். கொசுப்புழுக்கள் இதற்குச் சிறந்த உணவாகும்.

கூட்டுப்புழுப் பருவம் தும்பிக்கு இல்லை. பன்முறை தோலுரித்து வளர்ந்த இளவுயிரி, இறுதியில் ஒரு தண்டைப் பற்றி நீருக்கு மேலே ஏறுகிறது. அங்கே முதுகுத்தோல் பிளக்க, தும்பி வெளிப்படுகிறது.

இவ்வினத்தின் இளவுயிரிகளை மியன்மாரின் யாங்கோன் நகரில், வீடுகளின் நீர்த்தொட்டிகளில் பொதுமக்களின் ஒத்துழைப்புடன் விட்டுச் சோதித்தனர். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கே வெகுவாகக் குறைந்தது. இவ்வாய்வின் முடிவு 1990-இல் வெளியாயிற்று.

ஆகவே, களப்பணியாளர் கொசுவை ஒழிக்கக் குளத்தில் பூச்சிமருந்து தெளிக்குமுன், சிறு வலையால் நீரை அரித்துப் பார்த்தல் நலம். கண்மூடித்தனமாகத் தெளித்த மருந்து கொசுவுடன் அதன் பகைவனையும் அழித்துவிடும். கொசுவோ விரைவில் பெருகிவிடும். தும்பி அத்துணை விரைவில் பெருகாது. கரையோரச் செடிகளை முற்றிலும் களைந்துவிடுதலும் தகாது. ஏறி வெளிவரத் தண்டின்றித் தும்பி இடர்ப்படும்.

ஆசிரியர்கள் ஓர் இளவுயிரியைக் கண்ணாடித் தொட்டியில் குளத்து நீருடன் வைத்து, ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, கொசுப்புழுக்களை இரையாக இடலாம். பெரிய இளவுயிரி சிறியதைத் தின்றுவிடுமாதலால், ஒன்றுக்கு மேல் வைத்தல் கூடாது. இரை பற்றும் விதத்தை மாணவர் நேரிற் கண்டால், குளத்துச் செந்தும்பியின் அருமையைத் தாமே உணர்வர்.