கம்பெனி மூடினாலும் சாளையைக் கண்காணிக்கலாம்!

சாமளாபுரம், பல்லடம் பக்கம் தோட்டத்துச் சாளைகள் தள்ளித் தள்ளித்தான் இருக்கும். பெரியவர்கள் சாளையில், பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனியில். 2024 நவம்பரில் சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் மூவர் கொல்லப்பட்டதை யாரும் மறக்கவில்லை. சாளைக்குக் கேமரா இன்று ஆடம்பரம் அல்ல.

அந்தக் கேமராவை விற்ற கம்பெனி சர்வரை நிறுத்திவிட்டால் செல்போனில் படம் வராது. உடனே கழற்றி எறியாதீர்கள். அடைபட்டது பாதைதான், கேமரா நன்றாகவே இருக்கும்.

கையேட்டில் 'ஆன்விஃப்' அல்லது 'ஆர்.டி.எஸ்.பி.' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அதை ஏற்கும் என்.வி.ஆர். பெட்டியில் இணைத்து வீட்டிலேயே பதிவு செய்யலாம். ஆப்பை மட்டுமே நம்பிய கேமரா என்றால் மாற்றத்தான் வேண்டும்.

வெளியூரிலிருந்து பார்க்க, சிலர் ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்து தருவார்கள். அது கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது மாதிரி. 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களில்தான் புகுந்தது. பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள்.

பாதுகாப்பான வழி, வி.பி.என். 'வயர்கார்ட்' வசதியுள்ள ரவுட்டர் இருந்தால், சாவி கொடுத்த போன் மட்டுமே உள்ளே வரும். சிம் போட்ட ரவுட்டரில் இது பெரும்பாலும் எடுபடாது. அங்கே, எப்போதும் ஓடும் பழைய கணினி ஒன்றில் 'டெயில்ஸ்கேல்' போடலாம்.

முடித்ததும் வீட்டு வைஃபையை விட்டு, போன் டேட்டாவில் பார்த்துச் சோதியுங்கள். கரன்ட் போனாலும் ஓட, ரவுட்டருக்கும் என்.வி.ஆருக்கும் கேமராவுக்கும் யு.பி.எஸ். வையுங்கள்.