பரிசு ஒருவருக்கு, பாடு ஒருவருக்கு

ஐ.ஆர்.8 நெல் ரகத்தை நம் விவசாயிகள் நன்கு அறிவர். 1966-ல் அதை வெளியிட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பிலிப்பைன்ஸ் நாட்டில், லாகுனா ஏரிப் பகுதியில் உள்ளது. அந்நாட்டை ஸ்பெயின் ஆண்ட காலத்தில், பயிர்த் தொழிலையும் வாணிபத்தையும் வளர்க்க ஒரு சங்கம் இயங்கி வந்தது. அதன் வரலாறு சிறு விவசாயிகள் அறிய வேண்டிய ஒன்றாகும்.

சங்கத்தின் தோற்றம்

1781-ல் கவர்னர் ஹோசே பாஸ்கோ, மணிலா நகரில் 'நாட்டு நண்பர்களின் பொருளாதாரச் சங்கம்' என்ற அமைப்பைத் தோற்றுவித்தார். அவுரி, பருத்தி, மிளகு, பட்டுப்புழு வளர்ப்புக்கான மல்பெரி போன்ற பயிர்களைப் பரப்ப அது முயன்றது. நன்கு பயிர் செய்வோருக்குப் பரிசுகளையும் அறிவித்தது.

காப்பிக்குப் பரிசு

60,000 காப்பிச் செடிகளை வளர்த்துக் காட்டியதற்காக, 1837-ல் 1,000 பெசோ பரிசு வழங்கப்பட்டது. பெற்றவர் லாகுனா ஏரிக்கரையில் பெரும் பண்ணை நடத்திய பிரெஞ்சு மருத்துவர் பால் டி லா ஜிரோனியேர். ஏக்கருக்கு ஆயிரம் செடி என்று கணக்கிட்டாலும் இதற்கு 60 ஏக்கர் வேண்டும். காப்பி காய்ப்புக்கு வரும்வரை சில ஆண்டுகள் காத்திருக்கக் கையில் முதலும் வேண்டும். ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவர் இப்பரிசை எப்படி எட்ட முடியும்?

புகையிலைக் கட்டாயம்

சிறு குடியானவருக்குக் கிடைத்தது வேறு. சங்கம் கண்ட அதே கவர்னர், 1782-ல் புகையிலையை அரசின் தனியுரிமை ஆக்கினார். ககயான் பள்ளத்தாக்கில் குடும்பத்துக்கு இத்தனை செடி என்று கட்டாயம் நட வேண்டும். விளைந்த இலையை அரசுக்கு மட்டுமே விற்க வேண்டும். தரம் பிரிப்பதும் விலை சொல்வதும் அதிகாரிகளே. பிற்காலத்தில் ரொக்கத்துக்குப் பதில் சீட்டுக் கொடுத்து, பணத்தை இழுத்தடித்தனர். கஜானா நிறைந்தது, குடியானவர் கடனாளி ஆனார். சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பின், 1882-ல்தான் இம்முறை ஒழிந்தது.

நமக்குப் பாடம்

புதுப் பயிரால் குற்றமில்லை. விலையும் தரமும் யார் கையில் என்பதே கேள்வி. ஒப்பந்தச் சாகுபடியில் இறங்கும் விவசாயிகள், விதை வாங்கும் முன்பே நான்கு விவரங்களைக் கேட்டறிதல் நலம்: வாங்குபவர் யார்? விலை என்ன? தரம் பிரிப்பது யார்? பணம் எந்த நாளில் கிடைக்கும்? இவற்றை எழுத்தில் பெற்று, ஒரு நகலைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.